கிழவியை நிறுத்தும் வரைக்கும்

அலுவலகத்தில் அந்தப் பழைய மென்பொருளுக்குக் 'கிழவி' என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது. காப்பீட்டுப் பணம் கேட்டு வருகிற விண்ணப்பங்களையெல்லாம் சரிபார்ப்பது அவள்தான். இப்போது எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராத ஒரு கணினி மொழியில் எழுதப்பட்டவள். சில நாள் காலையில் எழுந்திருக்கவே மாட்டாள். சில நாள் ஒரே ஆளுக்கு இரண்டு முறை பணம் அனுப்பப் பார்ப்பாள். அப்போதெல்லாம் எல்லோரும் அவன் பக்கம் திரும்புவார்கள்.

"என்ன சார், உங்க மாமியாருக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல போலிருக்கே?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்பாள்.

"வயசாயிடுச்சும்மா, கொஞ்சம் கொஞ்சித்தான் எழுப்பணும்," என்பான் அவன்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் கிழவியோடுதான் இருந்தான். சேர்த்துவிட்டது அண்ணன். அப்பா இறந்தபோது இவன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அதன்பிறகு எந்தப் படிப்பு, எந்த வேலை, எந்தப் பெண் என்று எல்லாவற்றுக்கும் அண்ணனைக் கேட்டே பழகிவிட்டான். அண்ணன் இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவன். வீட்டில் கீழே அண்ணன் குடும்பம், மாடியில் இவன் குடும்பம். காலையில் இருவரும் ஒரே காரில் கிளம்புவார்கள். அண்ணன் ஓட்டுவான், இவன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பையையும் மடியில் வைத்துக்கொள்வான்.

கிழவியின் காலம் முடியப்போகிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து புதிய கணினி மொழி ஒன்றைக் கற்க ஆரம்பித்தான். எதிரில் மகள் படம் வரைந்துகொண்டிருப்பாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, அந்த நேரத்தில் யாரும் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்வாள். முதலில் எல்லாம் குழப்பமாக இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் வீடியோவில் மளமளவென்று சொல்லிக்கொண்டு போவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். பிறகு பிடிபட்டது.

ஒரு சின்ன நிறுவனத்துக்கு விண்ணப்பித்தான். அதை நடத்துகிறவள் அவனைவிட இளையவள். நேர்காணலில் முதல் இரண்டு கேள்விகளுக்கு அவன் தடுமாறினான். மூன்றாவதாக, ஒரு பணப் பரிமாற்றம் பாதியில் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவன் பேச ஆரம்பித்தான். கிழவி எங்கெல்லாம், எப்படியெல்லாம் காலை வாரியிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போனான். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"புதுசு எழுத நிறையப் பேர் வர்றாங்க. எது எப்படி உடையும்னு தெரிஞ்ச ஆள்தான் கிடைக்கறதில்ல. எப்ப சேர்றீங்க?" என்றாள்.

அன்று அவன் மனைவி சிரித்ததுபோல் சிரித்து வெகுநாளாகியிருந்தது. மறுநாள் காரில் அண்ணனிடம் சொன்னான். அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"பைத்தியமா உனக்கு? அது நாளைக்கே இழுத்து மூடினாலும் மூடிடுவாங்க. பொண்ணு வளர்ற நேரத்துல ரிஸ்க் எடுப்பியா?"

"இங்கயும் கிழவியை நிறுத்தப் போறாங்களே அண்ணா?"

"நிறுத்தினா என்ன? புது டீம் வருதில்ல, அதுல முதல் ஆளே நீதான். இவ்வளவு நாள் கிழவியைக் கட்டி மேய்ச்ச உன்னை வெளிய விட்ருவேனா?" அண்ணன் அவன் தோளில் கை வைத்தான். "நான் இருக்கேன்ல."

அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவனுக்கு என்ன வேண்டும்? சின்ன நிறுவனத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். மனைவி அன்று அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்கவே இல்லை.

"உங்க அண்ணன் கிணத்துல குதின்னா, எந்தக் கிணறுன்னாவது கேப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சில மாதங்கள் அவன் மாடாக உழைத்தான். புதிய குழு வந்தது. எல்லோரும் சின்னஞ்சிறுசுகள், சுறுசுறுப்பானவர்கள். கிழவியின் ஒவ்வொரு மூலைமுடுக்கையும் அவர்களுக்கு விளக்கினான். இந்த விதி ஏன் இங்கே இருக்கிறது, அந்த வரியைத் தொட்டால் எங்கே வலிக்கும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். நாளை தானும் உட்காரப் போகிற குழுதானே என்று நினைத்தான். கிழவியை நிறுத்திய அன்று கேக் வெட்டினார்கள். கத்தியை அவன் கையில் கொடுத்தது அண்ணன்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் காருக்குப் போனான். அண்ணன் லுங்கியோடு நின்றிருந்தான்.

"எனக்கு இன்னைக்கு லீவு. நீ பஸ்ல போயிடு," என்றான்.

அண்ணி வெளியே வந்து சாப்பாட்டுப் பையை நீட்டினாள். மாடியில் அவன் மனைவி ஏற்கெனவே கட்டிக் கொடுத்துவிட்டிருந்தாள். அண்ணிக்கு அது தெரியும். "பரவாயில்ல தம்பி, இதையும் வச்சுக்கோங்க," என்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மனிதவளப் பிரிவிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை. மேசையில் தண்ணீர் பாட்டில், காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருந்த பெண் மெல்லிய குரலில், பழைய குழுவைக் கலைக்கிறோம் என்றாள். இன்றோடு அவன் வேலை முடிகிறது என்றாள்.

"புது டீம்ல என்னைப் போடறதா இருந்ததே மேடம்? எங்க தலைவரைக் கேட்டுப் பாருங்க," என்றான்.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். ஆறுதல் சொல்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னாள்: "சார், அவர்தான் உங்க பேரைக் கொடுத்தார். முதல் பேரே உங்களோடதுதான். கூடப் பொறந்த தம்பின்னுகூடப் பார்க்கல. அந்த நேர்மையை மேலிடத்துல எல்லாரும் மெச்சினாங்க சார்."

அடையாள அட்டையைக் கழற்றும்போது அது சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. எடுக்கத் தெரியாமல் நின்றான். அந்தப் பெண்தான் எழுந்து வந்து எடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தவள், கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"உக்காரு. சாப்பிட்டுப் பேசலாம்," என்றான் அண்ணன்.

"முதல் பேரே என்னோடதாமே?"

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "உன்னை வச்சுக்கிட்டு மத்தவங்களை எப்படிடா அனுப்புவேன்? தம்பிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமான்னு கேக்க மாட்டாங்களா? என் நாற்காலியே ஆடிப்போயிருக்கும். நீ கெட்டிக்காரன். எங்க போனாலும் பொழைச்சுக்குவே."

"சரிண்ணா. பொழைச்சுக்கறவன் போறேன்னுதானே சொன்னேன்? அன்னைக்கு ஏன் வண்டியை ஓரங்கட்டி என்னைத் தடுத்தே?"

அண்ணன் சோற்றைப் பிசைந்தான். அண்ணி, "சொல்லுங்களேன்," என்றாள் மெதுவாக.

"அன்னைக்கு நீ போயிருந்தா கிழவியை யாருடா நிறுத்தறது?" அண்ணன் குரல் உயர்ந்தது. "வேற யாருக்கு அது தெரியும்? பாதியில நின்னுருந்தா என் தலைதான் உருண்டிருக்கும்."

"அப்ப, அன்னைக்கே தெரியுமா உனக்கு? வேலை முடிஞ்சதும் என்னை அனுப்பப் போறேன்னு?"

"உறுதியாத் தெரியாது. ஓரளவுக்கு..."

"தெரியும்," என்றாள் அண்ணி.

அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சில மாதங்களும் அண்ணன் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டியிருக்கிறான். மகளின் பள்ளிக் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறான். கேக் கத்தியைக் கையில் கொடுத்துக் கைதட்டியிருக்கிறான். எந்தச் சிரிப்பு நிஜம் என்று இனி எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சாயங்காலம் மனைவி வந்ததும் சொன்னான். 'அப்பவே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் உடைந்துபோயிருப்பான். அவள் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க நம்புனது தப்பில்லங்க. உங்க அண்ணன் நம்ப வச்சு நடிச்சதுதான் தப்பு," என்றாள். கீழே டிவி சத்தம் கேட்டது. மகள் பெரியம்மாவின் மடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். போய்க் கூட்டி வரலாமா என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் போகவில்லை.

கூச்சத்தை விழுங்கிவிட்டுச் சின்ன நிறுவனத்துக்குப் போன் செய்தான். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றாள் அதை நடத்துகிறவள். ஒரு கீழ்நிலை வேலை இருக்கிறது, கல்லூரி முடித்த பிள்ளைகளோடு உட்கார வேண்டும், சம்மதமா என்று கேட்டாள். சம்மதம் என்றான். முதல் மாதம் அவன் எழுதியதையெல்லாம் ஒரு பொடியன் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினான். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொடியன் மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொன்னான். அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்தது. இனிப்புப் பெட்டியோடு மாடிக்கு வந்தான்.

"பார்த்தியா, நீயும் புதுசுக்குப் போயிட்டே. எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்திருக்கு," என்றான். கொஞ்சம் விட்டால் அனுப்பியதே உதவிதான் என்று சொல்லிவிடுவான் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து எழுந்து நின்ற அவன், மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"உங்கண்ணன் போன பிறகு பேசலாம்," என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள். அன்றே வேறு வீடு பார்ப்பது என்று முடிவானது.

வீடு மாறிய அன்று சுமை தூக்கும் ஆட்களில் ஒருவர் வரவில்லை. பீரோவின் மறுமுனையை யார் பிடிப்பது என்று நின்றபோது, கேட்காமலே அண்ணன் வந்து பிடித்தான். இருவரும் படிக்கட்டில் இறங்கினார்கள்.

"பார்த்துடா, சுவத்துல இடிக்குது."

"கொஞ்சம் உன் பக்கம் சாய்ச்சுக்கோ."

"இப்ப சரியா?"

"ம்."

வண்டியில் ஏற்றியதும் அண்ணன் மூச்சு வாங்கியபடி நின்றான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நாள் புது வீட்டைப் பார்க்க வரட்டுமாடா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வா என்று சொல்லவும் வரவில்லை.

"அண்ணியை வரச் சொல்லு. குழந்தை தேடுவா," என்றான். பிறகு வண்டியில் ஏறி, கதவை மெதுவாகச் சாத்தினான்.