புதுப் பாத்திரத்தில் பீன்ஸ் சில்லி

நான் கறிக்கடைக்காரன். என் மகளோ பால், முட்டையைக்கூடத் தொடமாட்டாள். ஆறு வருடமாக வீட்டுப் பக்கமே வராதவள் வருகிறேன் என்றாள், அதுவும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும்.

கடைக்கு லீவு விட்டேன். புதுப் பாத்திரம், புதுக் கத்தி, புதுப் பலகை வாங்கினேன். முந்தின நாளே ஊறவைத்த சிவப்பு ராஜ்மா பீன்ஸை நன்றாக வேகவைத்து, வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் வதக்கி, தக்காளியும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கெட்டியாகச் சுண்டவைத்து, அவளுக்குப் பிடித்த பீன்ஸ் சில்லி செய்தேன். கறி வெட்டுகிற கையை எலுமிச்சை தேய்த்து மூன்று முறை கழுவினேன்.

வந்தாள். ஒரு வாய் சாப்பிட்டதும் முகம் மலர்ந்தது. சட்டென்று ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு ருசியா இருக்கே. இதுல என்னப்பா போட்டீங்க?"

"சத்தியமா ஒண்ணும் போடலம்மா. வெறும் பீன்ஸ்தான்."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

சொன்னேன்தான். அவள் கறியை விட்ட புதிதில், பிள்ளை இளைத்துப்போகிறாளே என்று இதே சில்லியில் மூன்று வாரம் எலும்புச் சூப்பைக் கலந்து கொடுத்தேன். ஒருநாள் தட்டில் எலும்புத்துண்டு வந்து விழுந்தது. அன்றைக்குப் பெட்டியைக் கட்டியவள்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வந்து பாருடி!" என்று குப்பைக்கூடையைத் தூக்கிச் சமையலறைத் தரையில் கவிழ்த்தேன். வெங்காயத் தோல், மிளகாய் விதை, தக்காளிக் காம்பு, அவ்வளவுதான்.

குப்பையைப் பாராமலே என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தோலாக விரலால் விலக்கிப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவினாள்.

"நம்புறேன்ப்பா," என்றாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.