எடுக்காமல் விட்ட சிரிப்பு

ஆடி பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கு மெல்ல மெல்லத் தன்னை மூடிக்கொள்ளும். மேற்கு முகடுகள் மேகத்துள் ஒடுங்கும். கணவாய் வழியே கேரளத்து மழையின் ஈரத்தைச் சுமந்து இறங்கும் காற்று, வாழை இலைகளைக் கீறிக் கீறிச் செல்லும். வெயில் உண்டு, அது சுடாது. சாரல் உண்டு, அது நிலைக்காது. சுற்றிலும் மலை நிற்க, மேலே மேகம் கூரை வேய்ந்துவிடும் அக்காலத்தில் அம்மனை வேண்டுவோர் குரலும் தாழ்ந்தே ஒலிக்கும்.

அத்தகைய ஒரு பிற்பகலில், கம்பத்து வாழைக்காய்க் கிடங்கு ஒன்றில் தேவயானி பிணமாகக் கிடந்தாள்.

உத்தமபாளையத்து ஞானசெல்வி டீச்சர் எழுதிய குற்ற நாவலைத் திரைப்படமாக்கிக்கொண்டிருந்தார்கள். நாவலில் ஒரு பெண்ணைக் காய் பழுக்கவைக்கும் அறைக்குள் அடைத்துக் கொன்றுவிடுகிறார்கள். அவ்வேடத்துக்குரிய நடிகை வரவில்லை. கிடங்கு மேற்பார்வையாளன் பேச்சிமுத்துவுக்குச் சோறு கொண்டுவந்த அவன் மனைவி தேவயானியை இயக்குநர் மகிழன் கேட்டார்.

“படுத்துக் கிடக்கிறதுக்கு ஆளா தேடுறீக? வீட்டுல அவளுக்கு அதான் வேல,” என்றான் பேச்சிமுத்து.

“ஆமா, இவுக ஆக்கிப் போட்டாக, நான் படுத்துக் கிடந்தேன். இந்தாங்க, போனைப் பிடிங்க.”

ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் அருகில் வந்தார். “அக்கா, ஒண்ணே ஒண்ணு. பிணமா நடிச்சவுக, காட்சி முடிஞ்சதும் கேமராவைப் பாத்துச் சிரிச்சிரணும். எங்க தொழில்ல அது முறை. சிரிக்காமப் போனா ஆகாது.”

“பல்லு தெரியவா, தெரியாமலா?”

“கடவாய்ப் பல்லு வரைக்கும் தெரியணும்.”

காய் நிறைந்த பெட்டிகளின் பின்னே அவள் கிடந்தாள். “நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாதும்மா,” என்றார் மகிழன். கேமரா அறையை விட்டு வெளியே நகர்ந்து, முற்றத்திலிருந்து பெட்டிகளின் இடைவெளி வழியே அவளை நோக்கியது. அப்போதுதான் சாரல் பெருமழையாக மாறியது. விளக்குகளைக் காக்க எல்லோரும் ஓடினர். ஓசை கேட்டும் அவள் அசையவில்லை. சொல் இன்னும் வரவில்லையே!

கதவு மூடியது. தாழ் விழுந்தது. விளக்கு அணைந்தது.

“நான் உள்ள இருக்கேன்!” அவள் கத்திக்கொண்டு எழுந்தாள். குளிர் வெளியேறாமல் காக்கும் தடித்த கதவு. குரல் அவளிடமே திரும்பியது. உட்புறப் பிடி உடைந்து நாளாகியிருந்தது. காலிப் பெட்டி ஒன்றால் அறைந்தாள். ஓங்கியதும் தலை சுற்றியது. காய்களும் மூச்சு விடும், மூடிய அறையில் அவை மனிதனுக்குரிய காற்றைத் தின்றுவிடும் என்று கணவன் சொன்னது நினைவில் எழுந்தது. அதனால்தான் ஆட்கள் அறையைத் திறந்து காற்று வாங்கவிட்ட பிறகே உள்ளே நுழைவார்கள்.

காட்சிக்கு முன் டீச்சர் அவளுக்குப் படித்துக் காட்டிய பக்கமும் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் பயம் போய்விட்டது. தூக்கம் மட்டும் வந்தது. இப்போது தேவயானிக்கும் கண் செருகியது. பயம் இருக்கும் மட்டும் உயிர் இருக்கிறது என்று அதனையே பற்றிக்கொண்டாள். இருட்டைப் பார்த்தே அஞ்சினாள். அஞ்சி அஞ்சிக் கதவை அறைந்தாள். பின் அறைய இயலாமல், கதவின் அடியில் மூக்கை வைத்துக் கிடந்தாள். இம்முறை யாரும் கிடக்கச் சொல்லவில்லை.

வெளியே, தகரக் கொட்டகையில் கேமராவின் கண்ணாடி வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்த இம்மானுவேலின் கை நின்றது.

“அண்ணே, அக்கா இன்னும் சிரிக்கலையே?” என்று பேச்சிமுத்துவிடம் கேட்டார்.

“மத்த பொம்பளைகளோட வேன்ல இருப்பா.”

“வேன்ல இல்ல. நான் இப்பத்தான் அங்கன இருந்து வாரேன்,” என்றார் இம்மானுவேல்.

பேச்சிமுத்து தன் வலக்கையைப் பார்த்தான். காய் இருக்கும் அறை திறந்து கிடக்கக் கண்டால் தாழிடுவதும் விளக்கணைப்பதும் அக்கையின் பழக்கம். மழையில் ஓடும்போதும் அது தன் வேலையைச் செய்திருந்தது. அவன் அலறிக்கொண்டு ஓடினான்.

திறந்த கதவோடு அவள் வெளியே சரிந்தாள். மழையில் கிடத்தினார்கள். நெடுநேரம் கழித்து மூச்சு சீரானது.

“நாந்தான் பூட்டினேன், தேவயானி. நாந்தான்,” என்று அவள் கால்மாட்டில் அமர்ந்து அவன் அழுதான்.

“வீட்டுல கிடக்கேன்னு சொன்னீகள்ல?” குரல் கம்மியிருந்தது. “இனிமே கிடக்கச் சொல்லிப் பாருங்க.”

இம்மானுவேல் கேமராவை உயர்த்தினார். “அக்கா… முறை.”

தேவயானி பார்த்தாள். முதலில் உதடு கோணி அழுகைதான் வந்தது. அவர் காத்திருந்தார். பிறகு கடவாய்ப் பல் தெரிய அவள் சிரித்தாள்.

மழை வெறித்தபின் பேச்சிமுத்து அத்தாழைத் திருகு திருகாகக் கழற்றினான். கிடங்கு வாசலில் மாரியம்மன் படத்தின் முன் அதனை வைத்துச் சூடம் ஏற்றி, அது தணியும்வரை நின்றான். தாங்கிப் பிடித்தபடி தேவயானியை அழைத்துவந்த ஞானசெல்வி டீச்சர், அவள் ஈர நெற்றியில் பெருவிரலால் மெல்லச் சிலுவை வரைந்தார்.

“நான் சாவு எழுதுனது கதையில அந்தப் பொம்பளைக்கு, ஆத்தா. ஒனக்கு ஆண்டவர் ஆயுசை நீளமா எழுதட்டும்.”