கடற்காகங்கள் எழும்பாத காலை

ஊரில் அவரை வானத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் என்னவோ ரேடியோ ரிப்பேர். ஆனால் மனுஷன் ஸ்க்ரூ முடுக்கிய நேரத்தைவிட அண்ணாந்து பார்த்த நேரம்தான் அதிகம். கிடக்கட்டும், இருபது வருஷமாகக் குளிர்காலத்தில் அவரைக் கேட்காமல் ஒரு படகும் இறங்கியதில்லை. கடற்காகங்கள் கூட்டமாக எழும்பி வயல் பக்கம் போனால் புயல். கரையிலேயே கிடந்தால் தைரியமாகப் போகலாம். இதுதான் அவர் கணக்கு, அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

அன்றைக்குக் காலையில் சுவரிலிருந்த பாரோமீட்டரில் காற்றழுத்தம் காட்டுகிற முள் வழக்கத்துக்கு மேல் இறங்கிக் கிடந்தது. அது இறங்கினால் புயல் என்று அர்த்தம். விரலால் தட்டினார். இன்னும் கொஞ்சம் இறங்கியது. வாசலில் தங்கச்சி புருஷன் வலையோடு நின்றார்.

"என்ன மச்சான், போலாமா வேணாமா? வீட்ல இருந்தா உங்க தங்கச்சி என்னைக் கூரை சரிபண்ண ஏத்திவிட்ருவா."

வானத்தார் கரையைப் பார்த்தார். அத்தனை பறவைகளும் மணலில்தான் இருந்தன.

"இது ஓட்டை சாமான், மாப்ளே. பறவைக்குத் தெரியாததா இதுக்குத் தெரியப்போகுது? போயிட்டு வாங்க."

பதினோரு மணிக்கெல்லாம் வானம் கரிச்சட்டியாகிவிட்டது. காற்று கதவைப் பிய்த்தது. கரைக்கு ஓடினார். கொட்டுகிற மழையிலும் பறவைகள் நகரவில்லை. மீன் வெட்டும் கொட்டகைக்காரர்கள் ஒரு வாரமாக அங்கே கொட்டிவந்த குடலுக்கும் தலைக்கும் அடித்துக்கொண்டிருந்தன. அட பாவி மனுஷா, அந்த நாற்றம் தாங்காமல் நாலு நாளாக ஜன்னலைச் சாத்தி வைத்தது நீதானே? சோறு கிடைக்கிற இடத்தை விட்டு எது எழும்பும்?

பக்கத்தில் வலை போட்டவர்கள் தட்டுத் தடுமாறிக் கரையேறினார்கள். மாப்பிள்ளை ஒருத்தர்தான் தூரமாகப் போயிருந்தார்.

சாயங்காலம் தங்கச்சி தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். "அண்ணே, காத்து எப்போ அடங்கும்?"

இன்னும் அவளுக்கு அவர்மேல்தான் நம்பிக்கை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"முள்ளு இறங்கியிருந்துச்சும்மா. பாத்துட்டேதான் போகச் சொன்னேன்."

"அதை விடு. எப்போ அடங்கும், அதைச் சொல்லு."

அவர் மேகத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். "நாளைக்கு மத்தியானம்."

மறுநாள் மத்தியானம் காற்று அடங்கியது. வெயில்கூட அடித்தது. இருட்டும்வரை இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். படகு வரவில்லை.

"நீ சொன்ன மாதிரியே அடங்கிடுச்சுண்ணே" என்றாள் தங்கச்சி.