பகுமேயில் பிறந்தவர்கள்

வுடே அக்கா எங்கள் தேர்வு அலுவலகத்துக்கு மூன்றாம் முறையாக வந்தது சண்டை போடத்தான். அன்று பிற்பகல் அவளுக்கு பஸ் ஓட்டுநர் தேர்வு. நுழைவுச்சீட்டு வரவில்லை. விட்டால் அடுத்த வருடம்தான், அதுவரை வேலை அவளுக்காகக் காத்திருக்காது.

“ஃபாரம் குடுத்தேன், கண்ணு டெஸ்ட் குடுத்தேன். இன்னும் என்னத்தக் குடுக்கணும், கிட்னியா?”

“சிஸ்டத்துல நீங்க இல்லவே இல்லக்கா,” என்றான் பக்கத்து நாற்காலி முலுஅலெம்.

“அப்போ உன் முன்னாடி கத்திக்கிட்டு நிக்கிறது யாருடா?”

விண்ணப்பங்கள் எல்லாம் கிளவுடில் ஒரே அட்டவணை. அதை வரிவரியாகப் படித்துச் சீட்டு அடிக்க ஒரு ஃபங்ஷன், அதாவது குட்டி நிரல். சொந்தமாக சர்வர் கிடையாது. வேலை வந்தால் விழிக்கும், முடிந்தால் தூங்கும், முலுஅலெமைப் போல. அட்டவணையைத் திறந்து பார்த்தேன். அக்கா அதில் ஜம்மென்று இருந்தாள். பிறந்தது பகுமே மூன்று.

பிறந்தநாளைத் ‘தேதி’ வகையாகப் படிக்கச் சொன்னது நான். எவனோ வெளிநாட்டுக்காரன் எழுதிய மாதிரி நிரலை அப்படியே சுட்டதும் நான்தான். அந்த வகைக்குப் பன்னிரண்டு மாதம்தான் தெரியும்; எங்கள் நாட்டுக் காலண்டரிலோ பதின்மூன்று. கடைசிக் குட்டி மாதமான பகுமே வந்தால் ஃபங்ஷன் திணறும். திணறினால் சத்தமில்லாமல் அடுத்த வரிக்குத் தாவச் சொல்லியிருந்தான் முலுஅலெம்.

“அதுக்கு முந்தின மாசம் நெஹாசேன்னு மாத்திப் போட்டுரலாமா?” என்றான்.

“எங்கம்மாவுக்கு வலி எடுத்தது பகுமேல. உன் வசதிக்கு அத முன்னாடி தள்ளுவியா?”

‘தேதி’யை அழித்து ‘எழுத்து’ என்று போட்டேன். ஒரே ஒரு சொல். பிரின்டர் முப்பத்தேழு சீட்டுகளைத் துப்பியது.

அக்கா தன்னுடையதை உருவிக்கொண்டாள். “மிச்சமெல்லாம் யாரோடது?”

“பகுமேல பொறந்தவங்க. எல்லாம் மத்த ஊருக்காரங்க, அங்க போன வாரமே பரீட்சை முடிஞ்சிருச்சுக்கா.”

வாசல்வரை போனவள் திரும்பினாள். “போன் நம்பர் இருக்குல்ல? ஒவ்வொருத்தருக்கா போடு. நீ பேசு, அந்தத் தூங்குமூஞ்சி வேணாம்.”

முதல் எண் தெப்ரே பிர்ஹான் ஊரில் ஒரு நடுவயதுக்காரர். தேர்வு அலுவலகம் என்றதுமே அவர் சொன்னார்: “சீட்டு வராதப்பவே புரிஞ்சுக்கிட்டேன் சார். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லேன்னு.”

“லாயக்கில்லாதவன் நான்தான்ணே,” என்றேன். அவர் சிரிக்கவில்லை.