உபயம்: கே. சந்தானம், வானவடி

கூடுதல் காசு கொடுத்து வீடியோ கேமின் டீலக்ஸ் எடிஷனை வாங்குகிறவன் மடையன் என்பது சந்தானத்தின் கொள்கை. கொள்கையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, பிரசாரமும் செய்தார். புனேயில் வேலை பார்க்கும் கோயமுத்தூர்க்காரர்கள் முப்பத்தெட்டுப் பேர் வீடியோ கேம் ஆடுவதற்கென்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். அதில் நாற்பத்திரண்டு வயது சந்தானம்தான் மூத்தவர். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு எக்செல் ஷீட் போட்டு விளக்குவார். தங்கக் குதிரையா, சாதாரணக் குதிரையின் வேகம்தான் ஓடும். ஓவியப் புத்தகமா, உலகத்தில் இதுவரை யாரும் திறந்ததில்லை. மற்றவர்களுக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்னால் ஆடலாம் என்கிற சலுகையா, பிழை கண்டுபிடிக்கிற வேலைக்கு நம்மிடமே காசு வாங்கிக்கொண்டு ஆள் எடுக்கிறார்கள். இந்தக் கடைசி வரிக்கு மட்டும் இருபது கைதட்டல் விழுந்தது. சந்தானம் அன்றைக்கு ஆறு தடவை அதைத் திறந்து பார்த்தார்.

‘சாம்பல் கோட்டை’ என்ற புது கேம் வெளியாக ஒரு வாரம் இருக்கும்போது புனேயின் இன்னொரு கோடியில் இருக்கும் நிக்டியிலிருந்து முகமது ரஃபீக் போன் செய்தான். சந்தானத்தின் முதல் கம்பெனியில் பக்கத்து நாற்காலிக்காரன். இப்போதும் சனிக்கிழமை தவறாமல் அவரோடு ஆன்லைனில் சேர்ந்து ஆடுகிறவன்.

“ண்ணா, டீலக்ஸ் வாங்கிரலாமான்னு பாக்கறேன். அது வெள்ளிக்கிழமையே தொறந்துருது. சாதாரணது திங்கக்கிழமைதான். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் என்ற சம்சாரமும் பாப்பாவும் ஊர்லருந்து வந்துருவாங்க. அப்புறம் நான் எங்கீங்ண்ணா வெளையாடறது? அந்த மூணு நாளுதான் இருக்குது.”

நியாயமான காரணம். ஆனால் சந்தானத்தின் ஷீட்டில் நியாயமான காரணத்துக்குக் கட்டம் கிடையாது. அதனால் நாற்பது நிமிடம் பேசினார்.

“மூணு நாள்ல என்ன முழுகிப் போகுது ரஃபீக்? அவன் வலைய விரிப்பான், நாம போயி உழுகறதா?”

“நீங்க சொன்னாச் சரிங்ண்ணா” என்றான் ரஃபீக். சாதாரண எடிஷனை முன்பதிவு செய்துவிட்டு, ரசீதின் படத்தையும் அனுப்பினான்.

புதன்கிழமை மதியம், ஆபீஸ் கேண்டீனில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்த சந்தானம், தான் முன்பதிவு செய்திருந்த சாதாரண எடிஷனை டீலக்ஸாக மாற்றிக்கொண்டார். ஏன்? போன் திரையில் ‘அப்கிரேட்’ என்று ஒரு பட்டன் இருந்தது, விரல் சும்மா இருந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது அகப்படுமா என்று அவரும் மனதுக்குள் துழாவிப் பார்த்தார். அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று லீவு போட்டார். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று கேமில் தன் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும்படி மாற்றிவைத்தார்.

“வயித்து வலிக்காரங்க காரசாரமா ரெண்டாவது ப்ளேட் மிசல் கேப்பாங்களா?” என்றாள் மனைவி கிரிஜா. அவர் ஒரு கையில் கண்ட்ரோலரோடு ப்ளேட்டை நீட்டினார்.

தங்கக் குதிரை ஷீட்டில் போட்டிருந்த அதே வேகத்தில் ஓடியது. ஓவியப் புத்தகத்தை அவரும் திறக்கவில்லை. சனிக்கிழமை ஒரு பாலத்தில் ஏறியதும் குதிரை இடுப்புவரை கல்லுக்குள் புதைந்து அப்படியே நின்றது. ஒன்பது முறை ஏற்றினார், ஒன்பது முறையும் புதைந்தது. காசு கொடுத்துச் சேர்ந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறோம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

ஞாயிறு காலை, பாலத்தை விட்டுவிட்டு ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போனார். நடுவில் பெரிய கல் ஒன்று நின்றது. டீலக்ஸ் வாங்கியவர்களின் பெயர் அதில் பொறிக்கப்படும் என்று சொல்லி, ஆட்டம் தொடங்கும்போதே பெயரைக் கேட்டிருந்தார்கள். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சமே வராதபடி பெயர் எழுதிவைக்கும் உபயதாரர்களைக் காலமெல்லாம் கேலி செய்தவர் சந்தானம். காலிக் கட்டத்தைக் கண்டதும் அவரும் ‘கே. சந்தானம், வானவடி, புனே’ என்று இனிஷியலோடு அடித்திருந்தார். பின்கோடுக்குத்தான் இடம் போதவில்லை. இப்போது அது பொன்னெழுத்தில் மின்னியது. கீழே ஒரு குறிப்பு: உங்கள் நண்பர்கள் எல்லோருடைய ஆட்டத்திலும் உங்கள் பெயரே முதல் வரியில் தெரியும்.

நாளைக்கு முப்பத்தேழு பேர் இந்தக் கல்லுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். சந்தானம் கண்ட்ரோலரைக் கீழே வைத்தார். முதலில் பயந்ததென்னவோ தன் மானத்துக்குத்தான். ரஃபீக்கின் நினைப்பு அதற்கு அப்புறம்தான் வந்தது. பாவம், அவனுக்கு இருந்ததே மூன்று நாள். அதைப் பேசிப் பேசிப் பிடுங்கிவிட்டு, நாம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஆடியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது. மிச்சம் அரை நாள்கூட இல்லை.

ஒயர்களைப் பிடுங்கி, கேம் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, ஸ்கூட்டியில் நிக்டிக்குக் கிளம்பினார். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தார். எல்லா வசனத்திலும் அவரே நல்லவராக வந்தார்.

ரஃபீக் கூடத்தில் உட்கார்ந்து பாப்பாவின் மரத்தொட்டிலுக்குக் கால் பூட்டிக்கொண்டிருந்தான். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“ரஃபீக், நான் டீலக்ஸ் வாங்கிட்டேன். வெள்ளிக்கிழமைலருந்து ஆடிட்டிருக்கேன்.”

“தெரியுங்ண்ணா.” அவன் ஸ்க்ரூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆறு வருஷத்துல ஒரு சனிக்கிழமைகூட நீங்க ஆஃப்லைன் போனதில்ல.”

“திட்டிரு.”

“வாங்குனதுக்கு என்னத்தங்ண்ணா திட்டறது? உங்க காசு. என்னையக் கூப்புட்டிருக்கலாம்ல? நான் வந்து பக்கத்துல உக்காந்து பாத்துட்டாச்சும் இருந்திருப்பேன்.”

கூப்பிட்டிருக்கலாம். மூன்று நாளில் ஒரு தடவைகூட அது தோன்றவில்லை. அவர் வீட்டில் இரண்டு கண்ட்ரோலர் இருந்தது, சோபாவும் மூன்று பேர் உட்காருகிற சோபாதான்.

“இப்பவாச்சும் ஆடு” என்று பெட்டியை அவசரமாக டிவியில் சொருகினார். ரஃபீக் கையைத் துடைத்துக்கொண்டு கண்ட்ரோலரை வாங்கினான். ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோட்டை வரவில்லை. பாலத்துப் பிழையைச் சரிசெய்து அப்டேட் வந்திருக்கிறதாம், அது இறங்கி முடிகிறவரை ஆட்டம் திறக்காதாம். இரண்டு மணி நேரம் ஆகும் என்று திரை சொன்னது.

இருவரும் சோபாவில் உட்கார்ந்து எத்தனை சதவீதம் இறங்கியது என்று காட்டும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பாவுக்குத் தன் மூக்கு என்றான் ரஃபீக். போட்டோ காட்டினான். சந்தானம் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். நாற்பத்தொரு சதவீதத்தில் ரஃபீக் எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான்.

“தொட்டிலுக்கு இன்னும் நாலு ஸ்க்ரூ பாக்கிங்ண்ணா. சேத்தி முடுக்கி வெச்சிருங்க, வந்தர்றோம்.”

சந்தானம் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடுக்கினார். ஆட்டிப் பார்த்தார், ஒரு கால் ஆடியது. கழற்றி மறுபடி பூட்டினார். பட்டை நூறைத் தொட்டுக் கோட்டைக் கதவு திறந்தபோது, அந்த வீட்டில் ஆடுவதற்கு அவர் ஒருவர்தான் இருந்தார்.