மோட்டார் ரூம் கோடு

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் தொண்ணூற்று நான்கில் நான் அடித்தது தோட்டத்து மோட்டார் ரூமுக்கு மட்டும், அதுவும் மார்கழி பிறந்தவுடனே. நிலத்தைப் பார்வையிட அதிகாரி வர இரண்டு நாள் இருந்தது.

சோமனூருக்குத் தெற்கே, மழைத் தண்ணீர் ஓடும் பள்ளத்தை ஒட்டிய எங்கள் மூன்று ஏக்கரை மனை பிரித்து விற்க மனுப் போட்டிருந்தேன். அது வெள்ளம் புகும் நிலம், வீடு கட்ட விடக்கூடாது என்று பக்கத்துத் தோட்டத்துத் தம்பிதுரை எதிர்மனு போட்டான். அவன் சொன்னது பொய்யில்லை. அதற்குப் பதினைந்து வருடத்துக்கு முன் பள்ளத்தில் வெள்ளம் புரண்டு வந்தபோது, எங்கள் பண்ணையாள் சின்னானும் அவன் மனைவி மயிலாத்தாளும் மோட்டார் ரூம் மேலேறித்தான் பிழைத்தார்கள். தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சின்னானே சுவரில் கரியால் ஒரு கோடு போட்டுவைத்தான். என் நெஞ்சு உயரம். அதன்மேல் அவன் கையாலேயே மூன்று பூச்சுச் சுண்ணாம்பு பூசவைத்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. இப்படி நினைத்துக்கொள்வதும் ஒரு சாக்குத்தான்.

அதிகாரி வந்த அன்று, கோடு இங்கேதான் இருந்தது என்று தம்பிதுரை வெள்ளைச் சுவரைத் தடவித் தடவிக் காட்டினான். அதிகாரி கடைசியில் சின்னானைக் கூப்பிட்டு, தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டார். சின்னான் என்னைப் பார்த்தான்.

“கணுக்கால் நனைஞ்சுதுங்க. அவ்வளவுதானுங்க.”

அனுமதி வந்தது. மனைகள் விற்றுத் தீர்ந்தன. செய்த உதவியை மறக்கக்கூடாதென்று, யாரும் வாங்காமல் கிடந்த பள்ளத்தோர மூலையில் மூன்று சென்ட்டைச் சின்னான் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். என் மனைவி அம்புஜம், “அங்கயாங்க குடுக்கறீங்க?” என்று மட்டும் கேட்டாள். சும்மா கிடைப்பதில் மூலை என்ன, நடு என்ன என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

நான்கு வருடம் கழித்து, பேரன் பிறந்திருக்கிறான், ஒரு எட்டு வந்து பார்க்க வேண்டும் என்று சின்னான் கூப்பிட்டான். அவன் வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். ஒற்றை அறை. அரிசிப் பானை, ட்ரங்குப் பெட்டி, ரேஷன் கார்டு வைத்த மஞ்சள் பை எல்லாம் பரண்மேல் இருந்தன. சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கரிக்கோடு அறையைச் சுற்றி ஓடியது. நான் பார்ப்பதைச் சின்னான் பார்த்தான்.

“எனக்கு அளவு மறக்காதுங்க. புள்ளைகளுக்குத் தெரியோணுமுங்கல்ல?”

குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வேறு மனை தருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. கையில் ஒன்றும் மிச்சமில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் யாருக்கும் இந்தக் கோடு தெரியாது.

விட்டத்தில் கட்டிய தூளி கோட்டுக்கு மேலே தொங்கியது. கையை உயர்த்தி எட்டி ஆட்டிக்கொண்டிருந்த மயிலாத்தாள், முந்தானையால் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன். கோடு என் தலைக்கு மேலே போயிற்று.