எரிந்த மேண்டிலின் வலை

குற்றாலத்தில் குடியிருந்தால் சீசனுக்கு உறவுக்காரர் பஞ்சமே கிடையாது. சாரல் விழுந்ததும் கடையத்து மதினி, அச்சன்புதூர் சித்தி என்று ஒரு பட்டாளமே ஈரத்துணியோடு ஆவுடையம்மாள் வீட்டுக்குள் நுழைந்துவிடும். அன்றைக்குப் பார்த்துக் கரண்டும் போய்த் தொலைந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கில் எரியும் மேண்டில் வலை கிழிந்து கிடந்தது. அலமாரியில் புருஷன் ஒரு புது மேண்டிலைப் பழைய சினிமாப் பிலிம் துண்டின்மேல் பரப்பி, கல்லை வைத்து அமுக்கியிருந்தார். அம்மாள் யோசிக்கவேயில்லை. எடுத்துக் கட்டினாள், ஏற்றினாள்.

தென்காசிப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த புருஷன் தங்கசாமி வாத்தியார் வாசலிலேயே நின்றுவிட்டார். “ஏட்டி, என் சோதனையைக் கொளுத்திட்டியே!”

மேண்டிலில் தோரியம் இருக்கிறதாம். அதிலிருந்து தெறிக்கும் அணுத்துகள் பிலிமுக்குள் தடம் போடுமாம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடத்தைக் காஸ்டிக் சோடா அரித்துக் குழியாக்கிக் காட்டுமாம். பள்ளிக் கண்காட்சியில் அணுவைக் காட்டாவிட்டால் ஆய்வறைச் சாவி டிரில் மாஸ்டருக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அவள் எரியும் விளக்கையும் அலமாரிப் பிலிமையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மேண்டில் போனா தடமும் போயிருமா?”

“தடம் போகாது. ஆனா வைக்க வேண்டிய நாள்ல பாதிதானே ஆச்சு, பத்துமான்னு தெரியலியே.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் காஸ்டிக் சோடா தேடிக் கிதிர் முகம்மது அண்ணாச்சியின் சாயப்பட்டறைக்குப் போனார்கள். வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரில் பிலிம் மத்தியானம் வரை கிடந்தது. கழுவி, வாத்தியார் கொண்டுவந்திருந்த மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் குழியோ குழி! வாத்தியார் குதித்தார்.

அண்ணாச்சி தாடியைத் தடவினார். “மேண்டில் வைக்காமச் சும்மா போட்டாலும் இந்தச் சோடாக் காரம் அரிக்கத்தானே சாரே செய்யும்? பெரிய சார் நம்புவாரா?”

வாத்தியார் முகம் தொங்கிப்போயிற்று. ஆவுடையம்மாள் பிலிமை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வெள்ளை பூத்தாற்போல வரிவரியாக ஒரு வலை. ஓரத்தில் நூல் கோத்த சுருக்கம்.

“ஐயோ, இங்காருங்க! நான் கட்டுன மேண்டிலு!”

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “யா அல்லா! வெறும் காரம் அரிச்சா இப்படி வலை பின்னுமா?” என்று சிரித்தார்.

கண்காட்சியில் தலைமையாசிரியர் பிலிமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த மேண்டில் எங்கவே?”

“விருந்தாளிகளுக்கு வெளிச்சம் காட்டிச் சாம்பலாயிட்டு சார். அதோட அச்சுதான் இது” என்றார் வாத்தியார்.

தலைமையாசிரியர் பையிலிருந்து ஆய்வறைச் சாவியை எடுத்து நீட்டினார். வாத்தியார் அதை வாங்கி, எல்லாரும் பார்க்க, கூட வந்திருந்த பெண்டாட்டி கையில் வைத்தார். அம்மாள் சிரித்துக்கொண்டே சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அடுத்த சீசனுக்கு ரெண்டு மேண்டிலா வாங்கிப் போடுங்க” என்றாள்.